600 பைட் டேபிளுக்கு எம்ப்ரொடெக்ட் போட்டால் மல்லாக் ஏன் விழுகிறது?

ஓசூர்_ரோடு | 9 ஜூன் 2025, இரவு 10.15

சி புரோகிராம், உபுண்டு 22.04, எக்ஸ்86 64 பிட். ஸ்டார்ட் ஆகும்போது மெயின் த்ரெட்டில் 600 பைட் மல்லாக் செய்து (ஹீப்பிலிருந்து மெமரி வாங்கி) ஒரு ரூட்டிங் டேபிளை நிரப்புகிறோம். அதற்குப் பிறகு அதில் யாரும் எழுதக் கூடாது. ஆனால் எப்போதாவது அதன் முதல் சில ஃபீல்டுகள் குப்பையாகிவிடுகின்றன. எழுதும் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க டேபிளை ரீட்-ஒன்லி ஆக்கலாம் என்று, மெமரியின் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட் சிஸ்டம் காலைப் போட்டேன்.

மல்லாக் தந்த பாயின்டரை அப்படியே கொடுத்தால் மைனஸ் 1, எர்நோ (பிழை எண்) 22. முகவரியை 4096-க்குக் கீழ்நோக்கி ரவுண்ட் செய்து கொடுத்தால் 0 திரும்புகிறது. ஆனால் அடுத்த சில வரிகளிலேயே, டேபிளைத் தொடாத இடத்தில், மல்லாக்குக்குள் செக்ஃபால்ட் (மெமரி மீறலில் புரோகிராம் விழுதல்). மல்லாக் தரும் மெமரியில் எம்ப்ரொடெக்ட் எடுபடாது என்று வைத்துக்கொள்ளலாமா?


அல்சூர்_கெர்னல் | 9 ஜூன், இரவு 11.40

எடுபடுகிறது. எடுபட்டதால்தான் மல்லாக் விழுகிறது.

உங்கள் 600 பைட் கெர்னலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பேஜ் (இங்கே 4096 பைட் கொண்ட மெமரித் துண்டு) மட்டும். பேஜ் டேபிளில் ஒரு பேஜுக்கு ஒரு என்ட்ரி. எழுதலாமா, இயக்கலாமா என்ற பிட்டுகள் அந்த என்ட்ரியில் இருக்கின்றன. 4096 பைட்டுக்குள் பாதிக்கு ஒரு அனுமதி, மீதிக்கு வேறு அனுமதி என்று பிரிக்க அங்கே இடமில்லை. அதனால் முதல் ஆர்க்யுமென்ட் பேஜ் எல்லையில் இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் ஈ-இன்வால், நீங்கள் பார்த்த 22. நீளத்தில் மட்டும் கெர்னல் தாராளம். 600 என்று கொடுத்தாலும் மேல்நோக்கி 4096 ஆக்கிக்கொள்ளும், அதைச் சொல்லவும் செய்யாது.

ஆக, நீங்கள் பூட்டியது டேபிளை அல்ல, டேபிள் குடியிருக்கும் பேஜ் முழுவதையும். அந்தப் பேஜில் மல்லாக்கின் சொந்தக் கணக்கும் இருக்கிறது, மற்ற அலொகேஷன்களும் இருக்கின்றன. அடுத்த மல்லாக் அங்கே தன் ஹெட்டரை எழுதப் போகும், விழும்.

டேபிள் பாயின்டரை 4096-ஆல் வகுத்தால் மீதி என்ன வருகிறது என்று பிரின்ட் செய்து போடுங்கள். எம்ப்ரொடெக்ட் இல்லாத பழைய பில்டில்.


ஓசூர்_ரோடு | 10 ஜூன், காலை 9.35

மீதி 2192. ஒவ்வொரு தடவையும் அதேதான் வருகிறது சார்.


அல்சூர்_கெர்னல் | 10 ஜூன், காலை 10.20

அருமையான எண் இது. கணக்கைப் பாருங்கள்.

உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, மல்லாக் குடியிருக்கும் சி லைப்ரரி. அதில் மெயின் த்ரெட்டின் ஹீப் தொடங்கியதும் முதலில் உட்காருவது டீ-கேஷ் என்னும் கணக்குப் புத்தகம். ஹெட்டரோடு சேர்த்து 656 பைட். அதையடுத்த துண்டின் 16 பைட் ஹெட்டர் போக, புரோகிராமின் முதல் மல்லாக் பேஜ் தொடக்கத்திலிருந்து 672-இல் கிடைக்கும். உங்கள் டேபிள் 2192-இல் இருக்கிறது. வித்தியாசம் 1520.

அதாவது டேபிளுக்கு முன்னால் யாரோ மொத்தம் 1520 பைட் எடுத்திருக்கிறார்கள். ஒரே அலொகேஷன் என்றால் கேட்ட அளவு 1497-க்கும் 1512-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மல்லாக் 8 பைட் கூட்டி 16-இன் மடங்காக ரவுண்ட் செய்வதால் அந்த வரம்பு. சின்னச் சின்ன அலொகேஷன்கள் சேர்ந்தும் 1520 வரலாம். இருந்தாலும் 1500 என்ற எண் நெட்வொர்க் கோடில் எங்கே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். தேடி வையுங்கள்.

மல்லாக் விழுந்த காரணமும் இதிலேயே இருக்கிறது. 600 பைட் டேபிள் 608 பைட் துண்டாகி 2784-இல் முடிகிறது. அங்கிருந்து ஹீப்பின் மிச்சம் ஆரம்பம். அடுத்த மல்லாக் அந்த மிச்சத்தை வெட்டும்போது 2784-ஐ ஒட்டி அளவை எழுதியாக வேண்டும். அதே பேஜ்தான், ரீட்-ஒன்லி.

செய்ய வேண்டியது: டேபிளுக்குத் தனிப் பேஜ். சிஸ்கான்ஃப் மூலம் பேஜ் அளவைக் கேளுங்கள். 600-ஐ அந்த அளவுக்கு மேல்நோக்கி ரவுண்ட் செய்யுங்கள். கெர்னலிடம் நேராகப் பேஜ் வாங்கும் எம்மேப்பை ரீட், ரைட் இரண்டு அனுமதியோடு, ப்ரைவேட் அனானிமஸ் ஃப்ளாக்கோடு, ஃபைல் டிஸ்கிரிப்டர் மைனஸ் 1 என்று கூப்பிடுங்கள். தோற்றால் அது நல் (வெற்றுப் பாயின்டர்) தராது, மேப்-ஃபெயில்டு தரும். நல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தோல்வி கண்ணில் படாது. டேபிளை நிரப்பிவிட்டு, ப்ராட்-ரீட் மட்டும் கொடுத்து எம்ப்ரொடெக்ட். திரும்பும் மதிப்பைக் கட்டாயம் பாருங்கள். பிறகு ப்ராக் அடியில் அந்தப் பிராசஸின் மேப்ஸ் ஃபைலைத் திறந்தால், அந்த முகவரிக்கான வரியின் நாலெழுத்துக் கட்டத்தில் டபிள்யூ இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். அது வந்தால் பூட்டு விழுந்துவிட்டது.

போசிக்ஸ்-மெம்அலைன் வைத்துப் பேஜ் எல்லையில் வாங்கியும் செய்யலாம். ஆனால் ஃப்ரீ செய்வதற்கு முன் ரைட் அனுமதியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ரீ அந்தத் துண்டுக்குள்ளேயே தன் லிங்க்குகளை எழுதும். போசிக்ஸும் எம்மேப் வழியாக வந்த மெமரிக்கு மட்டும்தான் எம்ப்ரொடெக்ட்டுக்கு உறுதி தருகிறது. லினக்ஸ் ஹீப், ஸ்டாக் எதையும் அனுமதிக்கும். எம்மேப்பே சுத்தம்.


பீன்யா_போர்டு | 10 ஜூன், மதியம் 1.10

மேலே "பேஜ் அளவைக் கேளுங்கள்" என்று ஒரே வரியில் போய்விட்டார். அந்த வரியைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

எக்ஸ்86-இல் மட்டுமே இருப்பவர்கள் 4096 என்று கோடில் பதித்துவிடுகிறார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு ராஸ்பெரி பை 5 வாங்கி, அதன் சொந்த ஓஎஸ்ஸைப் போட்டு, கெட்கான்ஃப் கமாண்டில் பேஜ்சைஸ் கேட்டுப் பாருங்கள்: 16384 வரும். பை 4-இல் 4096. ஆர்ம் 64 பிட் கெர்னலை 4, 16, 64 கேபி என மூன்று அளவிலும் பில்டு செய்யலாம். ரெட் ஹேட் 8-இன் ஆர்ம் பதிப்பு 64 கேபி.

4096 பதித்த கோடு அங்கே இரண்டு விதமாகக் கெடும். ரவுண்ட் செய்த முகவரி 4096-இன் மடங்கு, ஆனால் 16384-இன் மடங்காக இருக்க நாலில் ஒரு வாய்ப்புதான். மிச்ச மூன்றிலும் ஈ-இன்வால். இது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஆபத்து அந்த நாலில் ஒன்று. நீளம் 4096 என்று கொடுத்தது 16384 ஆக ரவுண்ட் ஆகி, பின்னால் இருக்கும் 12288 பைட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். திரும்பும் மதிப்பு 0. அந்த 12288-இல் யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் விழும்.

குளோபல் அரேயைப் பேஜ் எல்லையில் வைக்க அலைன்டு அட்ரிபியூட் போடுபவர்கள் கம்பைல் சமயத்தில் ஒரு எண் தந்தாக வேண்டும். ஆர்மில் 65536 கொடுங்கள். அரேயின் அளவையும் 65536-இன் மடங்காக்குங்கள். தொடக்கத்தை மட்டும் அலைன் செய்துவிட்டு வாலை விட்டால், வாலுக்குப் பின்னால் லிங்க்கர் வேறு வேரியபிளை வைத்துவிடும்.

பை 5-இல் 4 கேபி வேண்டுமென்றால் கான்ஃபிக் ஃபைலில் கெர்னல்8 இமேஜைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் பில்டைப் பாஸ் ஆக்க அதைச் செய்யாதீர்கள், கோடைத் திருத்துங்கள்.


வைட்ஃபீல்டு_ஜேவிஎம் | 10 ஜூன், இரவு 9.05

ஆளைப் பிடிக்க, செக்ஃபால்ட்டில் வரும் சிக்செக்வி சிக்னலுக்கு ஹேண்ட்லர் எழுதப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுதாமல் விட முடிந்தால் விடுங்கள். கோர் டம்ப் (விழுந்த கணத்தின் மெமரிப் பிரதி) விழட்டும், ஜிடிபி டீபக்கரில் திறந்தால் எழுதிய இன்ஸ்ட்ரக்‌ஷனும் ஸ்டாக்கும் அப்படியே இருக்கும். கோர் அளவு வரம்பை மட்டும் யூலிமிட்டில் திறந்து வையுங்கள்.

எழுதியே ஆக வேண்டுமென்றால்: சிக்ஆக்‌ஷனில் சிக்இன்ஃபோ ஃப்ளாக் போட்டால் தவறு நடந்த முகவரி கிடைக்கும். சிக்னல் கோடு 1 என்றால் அந்த முகவரியில் மேப்பிங்கே இல்லை; 2 என்றால் மேப்பிங் உண்டு, அனுமதி இல்லை. உங்களுக்கு வேண்டியது 2. வெறும் நல் பாயின்டர் விபத்தையும் நீங்கள் வைத்த பொறியையும் இந்த ஒரு எண்ணில் பிரித்துவிடலாம். ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் வேண்டாம், ரைட் சிஸ்டம் கால் போதும். பேக்ட்ரேஸ் ஃபங்ஷனை அங்கே கூப்பிடுவதானால், ஸ்டார்ட்-அப்பில் ஒருமுறை சும்மா கூப்பிட்டு வையுங்கள்; முதல் தடவை அது ஒரு லைப்ரரியை ஏற்றும், மல்லாக் வரை போகும்.

முக்கியம்: ஹேண்ட்லர் அனுமதியை மாற்றாமல் திரும்பினால் அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் மறுபடி ஓடும், மறுபடி அதே ஃபால்ட். புரோகிராம் விழாது, ஒரு சிபியு கோர் 100 சதவீதத்தில் நின்றுவிடும்.

உங்கள் பிராசஸுக்குள் ஜாவா இருந்தால் இன்னொன்று. ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம், த்ரெட்டுகளை சேஃப்பாயின்ட்டில் நிறுத்துவதற்குப் படிக்க முடியாத ஒரு பேஜை வைத்து சிக்செக்வியைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. நல் பாயின்டர் எக்செப்ஷனையும் அந்த வழியாகவே பிடிக்கிறது. ஜேஎன்ஐ (ஜாவா கூப்பிடும் சி) லைப்ரரியிலிருந்து உங்கள் ஹேண்ட்லரைப் போட்டால் அதெல்லாம் உடைந்துபோகும். லிப்ஜேசிக் லைப்ரரியை முன்னதாக ஏற்றினால் இரண்டு ஹேண்ட்லரும் சங்கிலியாக ஓடும். ஜிடிபியிலும் ஜாவா பிராசஸுக்கு சிக்செக்வியில் நிற்காதே, காட்டாதே, கடத்திவிடு என்று சொல்லி வைக்காவிட்டால் வேலை நடக்காது.


ஓசூர்_ரோடு | 12 ஜூன், மாலை 7.50

ஜாவா இல்லை, சுத்த சி. டேபிளை எம்மேப் பேஜுக்கு மாற்றி ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டேன். மேப்ஸ் ஃபைலிலும் கோடு வந்துவிட்டது. நேற்று முழுக்க லோடு கொடுத்து ஓட்டினேன்: செக்ஃபால்ட் இல்லை, டேபிள் சுத்தம். ஆனால் இன்று வேறொரு ஸ்ட்ரக்சர், டைமர் லிஸ்ட்டின் முதல் நோடு, குப்பையாகியிருக்கிறது. இது இதுவரை கெட்டதே இல்லை.


இந்திராநகர்_செக் | 12 ஜூன், இரவு 8.40

துப்பு கிடைத்துவிட்டது தம்பி. ஒன்றும் பிடிபடாததே துப்பு.

டேபிளில் எழுதியவர் டேபிளின் முகவரியைத் தெரிந்துகொண்டு எழுதவில்லை. தன் பஃபரைத் தாண்டி, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் மேல் எழுதுகிறார். தேடிக்கொண்டிருந்த ஆள் பழைய தெருவிலேயே இருக்கிறார். நீங்கள் டேபிளை வேறு தெருவுக்குக் குடிமாற்றிவிட்டீர்கள். காலியான இடத்துக்கு டைமர் நோடு குடிவந்தது, அடி அதற்கு. பழைய முகவரியைப் பிடித்து வைத்திருக்கும் தொங்கல் பாயின்டர் என்றால் டேபிளைப் பூட்டுவது சரியான வழி. எல்லை தாண்டல் என்றால் பூட்ட வேண்டியது பாதிக்கப்பட்டவரை அல்ல, சந்தேகப்படும் பஃபரின் வாசலை.

1500 பைட் அலொகேஷனைத் தேடச் சொன்னாரே, கிடைத்ததா? கிடைத்திருந்தால் அதற்கு கார்டு பேஜ், அதாவது தொட்டால் விழ வைக்கும் காவல் பேஜ், போடுங்கள். புரூஸ் பெரென்ஸ் 1987-இல் எழுதிய எலக்ட்ரிக் ஃபென்ஸ் செய்வதும் இதுதான், எல்லா மல்லாக்குக்கும் சேர்த்து.

இரண்டு பேஜ் எம்மேப் செய்யுங்கள். இரண்டாவதை ப்ராட்-நன் ஆக்குங்கள். படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. பஃபரை முதல் பேஜின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், கடைசியில் ஒட்டி வையுங்கள். 4096-இல் 1500 கழித்தால் 2596, அங்கே ஆரம்பித்தால் கடைசி பைட்டுக்கு அடுத்த பைட்டே கார்டு. ஆனால் 2596 என்பது 4-ஆல் வகுபடும், 8-ஆல் வகுபடாது. மல்லாக் எப்போதும் 16-இன் மடங்கில் தருவதால், அதை நம்பி எழுதிய கோடு, முக்கியமாக அலைன்டு எஸ்எஸ்இ இன்ஸ்ட்ரக்‌ஷன்கள், அங்கே வேறு காரணத்துக்கு விழும். அப்படியென்றால் 1504 ஆக்கி 2592-இல் ஆரம்பியுங்கள். அப்போது முதல் 4 பைட் தாண்டல் மட்டும் சத்தமில்லாமல் தப்பும். உங்கள் விஷயத்தில் தாண்டுவது அதைவிட அதிகம், ஏனென்றால் டேபிளைத் தொடவே 1520-ஐத் தாண்ட வேண்டும்.


பீன்யா_போர்டு | 12 ஜூன், இரவு 9.00

இந்த வேலைக்கு, எல்லை தாண்டலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் போதாதா? ஒரு கம்பைல் ஃப்ளாக்தானே.


இந்திராநகர்_செக் | 12 ஜூன், இரவு 9.25

முழு சோர்ஸும் கையில் இருந்து, மறுபடி பில்டு செய்ய முடிந்தால் முதலில் அதைத்தான் ஓட்ட வேண்டும். ரீட், ரிசீவ் போன்ற லைப்ரரி கால்களையும் அது இடைமறித்துப் பார்க்கும். வெண்டர் தந்த பைனரி லைப்ரரிக்குள் நடக்கும் எழுத்து அதன் கண்ணில் படாது. கார்டு பேஜுக்கு யார் எழுதினாலும் ஒன்றுதான். முழு லோடில் ஓட்ட வேண்டிய சந்தர்ப்பத்துக்கும் கார்டு பேஜ் இலகுவானது.

எத்தனை பஃபருக்குப் போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை அல்சூர் சொல்வார்.


அல்சூர்_கெர்னல் | 12 ஜூன், இரவு 11.15

வரம்பைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஓசூர் ரோடுக்கு அவசரமான ஒன்று. 10-ஆம் தேதி குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

பூட்டிய பேஜில் உங்கள் கோடு எழுதினால் சிக்செக்வி வரும். உங்களுக்காகக் கெர்னல் எழுதினால் வராது. ரீட், ரிசீவ், ரிசீவ்ஃப்ரம் எல்லாம் பஃபரில் எழுதுவது கெர்னல் பக்கத்திலிருந்து. அங்கே ஃபால்ட் ஆனால் சிஸ்டம் கால் மைனஸ் 1 திருப்பி, எர்நோவில் 14, ஈ-ஃபால்ட் வைக்கும். சிக்னல் கிடையாது, கோர் கிடையாது. கூப்பிட்டவர் எர்நோவைப் பார்க்காமல் "டேட்டா வரவில்லை போல" என்று லூப்பின் தலைக்குப் போனால் எந்தத் தடயமும் மிஞ்சாது. 1500 பைட் பஃபர் என்றால் அதில் எழுதுவது பெரும்பாலும் சாக்கெட்தான். அதனால் கார்டு பேஜ் போட்டுவிட்டு கோர் டம்ப்புக்குக் காத்திருக்காதீர்கள். சிஸ்டம் கால்களைப் பதிவு செய்யும் எஸ்ட்ரேஸை எல்லாத் த்ரெட்டையும் பின்தொடரும்படி, நெட்வொர்க் கால்களை மட்டும் வடிகட்டி ஓடவிட்டு, அவுட்புட்டில் ஈ-ஃபால்ட்டைத் தேடுங்கள்.

ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று யோசித்தேன். எக்ஸ்86-இல் நாலு டீபக் ரெஜிஸ்டர், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட். கெடும் ஃபீல்டு எது என்று துல்லியமாகத் தெரிந்தால் ஜிடிபியில் வாட்ச் போடுவது பேஜ் விளையாட்டைவிடச் சுலபம், இடம் மாற்றவே வேண்டாம். ஆனால் ஜிடிபி வாட்ச்சும் கெர்னல் உள்ளிருந்து எழுதுவதைப் பிடிக்காது. எழுதி முடித்த பிறகு மதிப்பு மாறியிருப்பதை மட்டும் நீங்கள் பார்ப்பீர்கள்.


ஓசூர்_ரோடு | 13 ஜூன், மதியம் 12.30

கிடைத்துவிட்டது சார்.

1500 பைட் மல்லாக், டேபிளுக்கு மூன்று வரி முன்னால். யூடிபி ரிசீவ் பஃபர். அதை இந்திராநகர் மேடம் சொன்னபடி 2592-இல் வைத்து கார்டு போட்டேன். எஸ்ட்ரேஸில் ரிசீவ்ஃப்ரம், நீளம் 2048, மைனஸ் 1, ஈ-ஃபால்ட். கால் மணி நேரத்தில் நாலைந்து தடவை. கோடைப் பார்த்தால் பஃபர் ஒரு ஃபைலில் 1500 என்று அலொகேட் ஆகிறது, ரிசீவ் இன்னொரு ஃபைலில் 2048 என்ற மேக்ரோவைக் கொடுக்கிறது. திரும்பும் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே என்றால் கன்டின்யூ.

ஒன்று புரியவில்லை. எம்டியு 1500 தானே? 1500-க்கு மேல் பாக்கெட் எப்படி வரும்?


அல்சூர்_கெர்னல் | 13 ஜூன், மதியம் 2.00

எம்டியு என்பது கம்பியில் போகும் ஒரு ஐபி பாக்கெட்டின் வரம்பு, யூடிபி டேட்டாகிராமின் வரம்பு அல்ல. 1500-இல் ஐபி ஹெட்டர் 20, யூடிபி ஹெட்டர் 8 போனால் 1472. அதற்கு மேல் அனுப்பினால் ஐபி அதைத் துண்டாக்கி அனுப்பும், இந்தப் பக்கம் கெர்னல் ஒட்டி முழு டேட்டாகிராமாகத் தரும். உங்கள் எதிர்முனை எப்போதாவது பெரிய மெசேஜ் அனுப்புகிறது, அப்போது மட்டும் டேபிள் கெடுகிறது. அபூர்வமாக நடந்ததற்குக் காரணம் அதுதான்.

இதிலும் ஒரு படிநிலை இருக்கிறது, பாருங்கள். 1500 கேட்டால் மல்லாக் 1512 வரை பயன்படுத்த இடம் தருகிறது, அதுவரை தாண்டினாலும் சேதமில்லை. 1513-லிருந்து 1520 வரை டேபிள் துண்டின் ஹெட்டர், அதன் அளவு எழுதிய இடம். அது சிதைந்தால் ஃப்ரீ செய்யும்போது ஜிலிப்சி கத்தியிருக்கும். ஆனால் உங்கள் டேபிளை யாரும் ஃப்ரீ செய்வதே இல்லை, அதனால் கத்த ஆளில்லை. 1521-ஆவது பைட்டிலிருந்துதான் டேபிளின் முதல் ஃபீல்டு.

திருத்தம்: பஃபரையும் நீளத்தையும் ஒரே ஸ்ட்ரக்ட்டில் வைத்து, ரிசீவுக்கு அதிலிருந்தே நீளத்தைக் கொடுங்கள். அளவைக் குறைத்துக் கொடுப்பது மட்டும் போதாது. பெரிய டேட்டாகிராமின் வால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். ரிசீவ்ஃப்ரம் ஃப்ளாக்கில் எம்எஸ்ஜி-ட்ரங்க் கொடுத்தால் லினக்ஸ் டேட்டாகிராமின் உண்மையான நீளத்தைத் திருப்பும். அது பஃபர் அளவைவிடப் பெரிதென்றால் லாக் செய்து ஒதுக்குங்கள். அந்த ஃப்ளாக்கோடு திரும்பும் நீளத்தை நம்பி பஃபரைப் படிக்கக் கூடாது என்பதையும் அங்கேயே கமென்டில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் அதே பஃபருக்கு வெளியே படிப்பார்.


ஓசூர்_ரோடு | 13 ஜூன், இரவு 8.20

திருத்தியாயிற்று. நன்றி. டேபிளின் பூட்டை அப்படியே புரொடக்‌ஷனிலும் வைத்திருக்கலாமா என்று டீமில் பேச்சு. சில நொடிக்கு ஒருமுறை ஒரே ஒரு த்ரெட் மட்டும் டேபிளைப் புதுப்பிக்கும்படி அடுத்த ரிலீஸில் மாறப் போகிறது. ஒவ்வொரு தடவையும் திறந்து மூடினால் செலவு எவ்வளவு?


அல்சூர்_கெர்னல் | 14 ஜூன், காலை 7.30

சில நொடிக்கு ஒருமுறை என்றால் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் என்றால் வேண்டவே வேண்டாம். எம்ப்ரொடெக்ட் அந்தப் பிராசஸின் மெமரி லாக்கை எழுதும் விதமாகப் பிடிக்கிறது. அந்நேரம் எம்மேப் கேட்கும் மற்ற த்ரெட்டுகள் காத்திருக்கும். அனுமதியைக் குறைக்கும்போது பழைய அனுமதி மற்ற கோர்களின் டிஎல்பியில் (பேஜ் என்ட்ரிகளின் கேஷ்) தங்கியிருக்கக் கூடாது, அதனால் உங்கள் த்ரெட்டுகள் ஓடும் ஒவ்வொரு கோருக்கும் இன்டரப்ட் போகும். கோர் கூடக் கூட இது ஏறும்.

செலவைவிடப் பெரிய விஷயம் வேறு. அனுமதி பிராசஸ் முழுமைக்கும் பொது. ஒரு த்ரெட் எழுதுவதற்காகத் திறந்த ஜன்னல் அத்தனை த்ரெட்டுக்கும் திறந்தே இருக்கும். அந்தக் கணத்தில் இன்னொரு த்ரெட் கெடுத்தால் தெரியாது.

அதற்கு வழி பி-கீ, பேஜில் ஒட்டும் பாதுகாப்புச் சாவி. இன்டெல் ஸ்கைலேக் சர்வர் சிப்களிலும் ஏஎம்டி ஸென் 3-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இருக்கிறது. சிபியு இன்ஃபோவின் ஃப்ளாக் வரிசையில் பிகேயு, ஓஎஸ்பிகேஇ இரண்டையும் தேடுங்கள். லினக்ஸ் 4.9, ஜிலிப்சி 2.27 முதல் கூப்பிடலாம். ஒரு கீ வாங்கி, பி-கீ-எம்ப்ரொடெக்ட்டால் டேபிள் பேஜில் ஒட்டி, பேஜை ரீட்-ரைட்டாகவே விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கு எழுத அனுமதி உண்டா இல்லையா என்பதைத் தன் ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளும். மாற்றுவது ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன். கெர்னலுக்குள் போவதில்லை, மற்ற கோர்களைத் தொந்தரவு செய்வதில்லை. மீறினால் சிக்செக்வி, சிக்னல் கோடு 4.

இடறும் இடம் மூன்று. கீ மொத்தம் 16, பூஜ்யம் எல்லாப் பேஜுக்கும் ஏற்கெனவே போய்விட்டது, மிச்சம் 15. புதுத் த்ரெட் தன்னை உருவாக்கிய த்ரெட்டின் அனுமதியோடு பிறக்கும், அதனால் முதலில் மூடிவிட்டுப் பிறகு த்ரெட்டுகளை உருவாக்குங்கள். சிக்னல் ஹேண்ட்லர் டிஃபால்ட் அனுமதியோடு ஓடும், அதில் பூஜ்யம் தவிர மற்ற கீக்கள் மூடியிருக்கும். ஹேண்ட்லருக்குள் டேபிளைப் படிக்கவே முடியாது.

இப்போது இந்திராநகர் கேட்ட வரம்பு. எம்மேப் பகுதியின் நடுவில் ஒரு பேஜின் அனுமதியை மாற்றினால் கெர்னல் அந்த ஒரு பகுதியை மூன்றாகப் பிரிக்கும். ஒரு பிராசஸுக்கு இத்தகைய பகுதிகளின் உச்சவரம்பு வழக்கமான கெர்னல் செட்டிங்கில் 65530. 512 எம்பி பகுதியில் 131072 பேஜ். ஒன்று விட்டு ஒன்றைப் பூட்டிக்கொண்டே போனால் பாதி வழியில் ஈ-நோமெம் வரும். ராம் ஜிபி கணக்கில் காலியாக இருக்கும்போது வரும், அதனால் குழப்பும். மேப்ஸ் ஃபைலின் வரிகளை எண்ணினால் புரிந்துவிடும். ஒரு பஃபருக்கு ஒரு கார்டு என்றால் இரண்டு பகுதி. ஏறத்தாழ 32000 பஃபருக்கு மேல் போகாது. வரம்பை சிஸ்கன்ட்ரோலில் உயர்த்தலாம்.


இந்திராநகர்_செக் | 14 ஜூன், காலை 9.10

பி-கீ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது தவறுதலாக எழுதுவதைப் பிடிக்கும், எதிரியைத் தடுக்காது. அந்த ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனை யூசர் மோடில் யாரும் ஓட்டலாம்.

டேபிள் இனி மாறவே மாறாது என்றால் லினக்ஸ் 6.10-இல் வந்த எம்சீல் உண்டு. சீல் வைத்த பகுதியில் எம்ப்ரொடெக்ட் போட்டால் ஈ-பெர்ம், மியூன்மேப்பும் செல்லாது, பிராசஸ் முடியும் வரை அவிழ்க்க வழியில்லை. 64 பிட்டில் மட்டும். உபுண்டு 22.04 கெர்னலில் கிடையாது. ஓப்பன்பிஎஸ்டி 7.3-இல் இதே எண்ணத்தில் எம்இம்யூட்டபிள் இருக்கிறது.


பீன்யா_போர்டு | 14 ஜூன், காலை 11.45

என் பக்கத்துக் கேள்வி ஒன்று. சின்ன ஜிட் (ஓடும்போதே மெஷின் கோடு உருவாக்கும் கம்பைலர்) ஒன்றுக்கு ஒரு பேஜில் கோடை எழுதி, எம்ப்ரொடெக்ட்டில் ரீட்-எக்ஸெக் ஆக்கி ஓட்டுகிறோம். லேப்டாப்பில் ஓடுகிறது. அதையே சிஸ்டம்-டி சர்வீஸாக ஓட்டினால் எம்ப்ரொடெக்ட் தோற்கிறது.


இந்திராநகர்_செக் | 14 ஜூன், மதியம் 12.20

சர்வீஸ் ஃபைலில் மெமரி-டினை-ரைட்-எக்ஸிக்யூட் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எழுதிய பேஜை எக்ஸெக் ஆக்குவதையே அது மறுக்கும். சிஸ்டம் கால்களை வடிகட்டும் செக்காம்ப் வழியாக மறுத்தால் ஈ-பெர்ம், லினக்ஸ் 6.3-இல் வந்த கெர்னல் வசதி வழியாக மறுத்தால் ஈ-ஆக்சஸ். எஸ்ஈலினக்ஸ் மறுத்தாலும் ஈ-ஆக்சஸ்தான், ஆடிட் லாக்கில் எக்ஸெக்மெம் அல்லது எக்ஸெக்மாட் என்று எழுதியிருக்கும். அந்த வரியை நீக்குவது கடைசி வழி. மெம்எஃப்டி-கிரியேட்டால் மெமரியில் ஒரு ஃபைல் உண்டாக்கி அதையே இரண்டு இடத்தில் மேப் செய்யலாம், ஒன்று ரீட்-ரைட், மற்றது ரீட்-எக்ஸெக். அனுமதி மாற்றமே தேவைப்படாது. ஆனால் செக்காம்ப் வழியும் எஸ்ஈலினக்ஸும் எந்த அளவுக்கு இதை விடும் என்பதை உங்கள் பாலிசியோடு ஒட்டிப் பாருங்கள்.

ஆர்மில் ஓட்டுகிறீர்கள் என்றால் எம்ப்ரொடெக்ட் மட்டும் போதாது. டேட்டா கேஷில் எழுதியது இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷுக்குத் தானாகத் தெரியாது. ஜிசிசியின் கிளியர்-கேஷ் பில்ட்-இன்னைக் கூப்பிட்ட பிறகே தாவுங்கள். எக்ஸ்86-இல் இது இல்லாமல் ஓடிவிடும், அதனால் பலருக்கு ஆர்முக்குப் போன அன்றுதான் இது தெரியவரும்.


வைட்ஃபீல்டு_ஜேவிஎம் | 14 ஜூன், மதியம் 3.40

விண்டோஸில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு: வர்ச்சுவல்-ப்ரொடெக்ட்டின் நாலாவது ஆர்க்யுமென்ட், பழைய அனுமதியை வாங்கும் பாயின்டர், கட்டாயம். நல் கொடுத்தால் கால் தோற்கும். முகவரி பேஜ் எல்லையில் இல்லாவிட்டால் அது புகார் செய்யாது, அந்த பைட்டுகள் படும் பேஜ்களை எல்லாம் மாற்றிவிடும். லினக்ஸில் 22 திருப்பி எச்சரித்த தவறு அங்கே சத்தமில்லாமல் நடந்துவிடும். ஜிட் என்றால் பிறகு ஃப்ளஷ்-இன்ஸ்ட்ரக்‌ஷன்-கேஷ். மேக்கில் பூட்டிய பேஜில் எழுதினால் சிக்செக்விக்குப் பதில் சிக்பஸ் வரலாம், ஹேண்ட்லரை இரண்டுக்கும் போடுங்கள்.


ஓசூர்_ரோடு | 16 ஜூன், காலை 9.50

சிபியு இன்ஃபோவில் பிகேயு இருக்கிறது, பி-கீ வழியில் போகிறோம். கடைசியாக ஒன்று: எங்கள் மெயின் பிராசஸ் ஃபோர்க் செய்து ஒரு வொர்க்கரை உருவாக்கும். பூட்டு அங்கேயும் தொடருமா?


அல்சூர்_கெர்னல் | 16 ஜூன், காலை 10.30

ஃபோர்க்கில் பேஜ் அனுமதி, பேஜில் ஒட்டிய கீ, கூப்பிட்ட த்ரெட்டின் ரெஜிஸ்டர் மூன்றும் சைல்டுக்கு அப்படியே போகும். அதன்பிறகு இரண்டும் தனித்தனி; பேரன்ட்டில் எம்ப்ரொடெக்ட் மாற்றினால் சைல்டுக்குத் தெரியாது, டேபிள் ப்ரைவேட் மேப்பிங் என்பதால் பேரன்ட்டின் புதுப்பிப்பும் போய்ச் சேராது. வொர்க்கர் புது டேபிளைப் பார்க்க வேண்டுமென்றால் எம்மேப்பை ஷேர்டு ஆக்க வேண்டும்; அப்போதும் அனுமதி பிராசஸுக்குப் பிராசஸ் தனிதான், வொர்க்கரில் வெறும் ரீட்-ஒன்லி எம்ப்ரொடெக்ட் போட்டு விட்டுவிடலாம். எக்ஸெக் செய்தால் மேப்பிங்கே மிஞ்சாது.